எக்சேஞ்ச் அக்காவின் பாதிச் சொல்

எக்சேஞ்ச் அக்காவின் 'ஹோல்ட் ஆன்' முழுதாகக் காதில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்காதே என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பகிடிக்குச் சொல்வதுதான். ஆனால் சொல்லிச் சிரிக்கிறவனும் உள்ளுக்குள் ஒருதரம் தன் வீட்டு ஆட்களை நினைத்துக்கொள்வான்.

மன்னாரில் அப்போது ரெலிபோன் எக்சேஞ்ச் தபால் கந்தோருக்குள்ளேயே இருந்தது. முன்பக்கம் முத்திரை விற்கிற கவுண்டர், அதில் நான். எனக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் எக்சேஞ்ச், அதில் அக்கா. நான் எருக்கலம்பிட்டி, அவர் பள்ளிமுனை. காலையிலிருந்து பின்னேரம் வரை அவருடைய குரலை முதுகால் கேட்டுக்கொண்டு முத்திரை கிழித்தவன் நான். வீட்டில் என் மனைவியின் குரலைக்கூட அவ்வளவு கேட்டிருக்கமாட்டேன். இதை அவள் வாசிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அக்காவின் பெயரை எழுதவில்லை. ஊரில் எவருக்கும் அது தேவைப்பட்டதில்லை. போஸ்ட் மாஸ்டருக்கும் அவர் எக்சேஞ்ச் அக்காதான், மீன்காரிக்கும் எக்சேஞ்ச் அக்காதான். எழுதினால் "தெரிஞ்ச ஆளுக்கு என்னத்துக்குத் தம்பி முழுப்பேர்?" என்று அவரே கேட்பார்.

டயல் சுற்றுகிற போன் எல்லாம் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. அப்போது போனின் பக்கத்தில் இருக்கும் கைபிடியைச் சுற்றினால், எக்சேஞ்ச் பலகையில் அந்த வீட்டுக்குரிய சின்ன மூடி டக்கென்று விழும். அக்கா வயரைச் செருகி 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்கவேண்டும். நான் அறிய அப்படிக் கேட்டதில்லை. 'ம்ப்ளீ' என்பார். 'ஹோல்ட் ஆன்' அவருக்கு 'ஓலா'. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்பதற்கு 'த்ரீ மினிட்ஸ் ஓவர்' என்று சொல்லவேண்டும். அவர் வாயிலிருந்து 'த்ரிம்சோ' என்று ஒன்று வரும். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. கொன்வென்ரில் படித்தவர். போஸ்ட் மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதுகிறதைக்கூட இவரிடம் காட்டித்தான் திருத்துவார். புதிதாகப் போன் எடுத்த வீட்டுக்காரர் முதல் கிழமை விழிப்பார்கள். அடுத்த கிழமை அவர்களுக்கும் 'ம்ப்ளீ' போதுமாகிவிடும்.

இதைச் சோம்பல் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எங்கள் ஊர்க் கருவாட்டு முதலாளி ஒருவர் தினமும் காலையில் கொழும்புப் புறக்கோட்டைக்குக் கோல் போடுவார். அந்தக் கடை நம்பர் ஏழில் முடியும். முதலாளி வாயைத் திறக்கமுன்னமே அக்கா "செவ்?" என்பார். முதலாளி "ஓம் புள்ள" என்பார். அவ்வளவுதான், புறக்கோட்டை வந்துவிடும். அதே நாள் ஆஸ்பத்திரி டொக்டர், முன்பின் கேட்டிராத ஒரு காலி நகரத்து நம்பரைக் கேட்டார். அதிலும் நடுவில் ஓர் ஏழு. அக்கா "செ...வன்" என்று, கையில் எடுத்துக் கொடுப்பதுபோல அதைச் சொன்னார். தட்டிக்கு மேலால் தலையை நீட்டினேன்.

"ஏன் அக்கா, முதலாளிக்கு ஒரு செவன், டொக்டருக்கு இன்னொரு செவனோ?"

"முதலாளி அந்தச் செவனை எதிர்பாத்து முன்னுக்கே வந்து நிக்கிறார் தம்பி. அவர் பாதி வழி வந்திட்டார், நான் மற்றப் பாதி போனாக் காணும். டொக்டர் கேட்டது புது நம்பர். அந்தப் பக்கத்து எக்சேஞ்ச் ஆள் அதை நினைச்சுக்கொண்டு நிக்கேல்லை. அதுக்கு நான்தான் முழு வழியும் நடக்கோணும்."

"நான் ஒரு முத்திரை விக்கிறதுக்கே நாலு கதை சொல்லுறனே, அப்ப?"

"அது வாய்க்கொழுப்பு. அதுக்கு மருந்தில்லை."

கெட்ட செய்தி வரும்போதும் இதே நியாயம்தான். அனுராதபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு சாவு வந்தால், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, செய்தி சொல்ல வந்தவரிடம் லைனைக் கொடுக்கமுன் அக்கா "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்று ஓர் எழுத்து விடாமல் சொல்வார். சனத்துக்கு அது விளங்கிவிடும். கதிரையை இழுத்துப்போட்டு உட்காரும். பக்கத்தில் நிற்கிறவரின் கையைப் பிடிக்கும். "ஒருத்தரும் சாவை எதிர்பாத்துக்கொண்டு போனடியில நிக்கிறேல்லைத் தம்பி. திடீரெண்டு போய் இடிக்கக்கூடாது," என்றார் ஒருமுறை. நான் அடுத்த முத்திரையைக் கிழித்தேன். அப்படியான நேரங்களில் அவரைப் பகிடி பண்ண எனக்கு வராது.

வீட்டில் அவரும் தாயும்தான். தகப்பனைக் கடல் கொண்டுபோய்க் கனகாலம். தாய் ஒருநாள் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்: "இவளிட்ட ஒரு வசனம் முழுசா வாங்கிறதெண்டா நான் காய்ச்சல் வந்து படுக்கோணும் மகன்." ஆனால் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுபோன ஒரு பின்னேரம், உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று முற்றத்தில் நின்றேன். ஒரே செபம் திரும்பத் திரும்ப வருவது. அயல் வீடுகளில் அது தேய்ந்து தேய்ந்து வெறும் இரைச்சலாகக் கேட்டது. அக்கா மட்டும் ஒவ்வொரு தரமும் முதல் தரம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். மறுநாள் விடுவேனா?

"மாதாவுக்கு அடுத்தது என்ன வரும் எண்டு தெரியாதோ அக்கா? அங்க மட்டும் முழு வழியும் நடக்கிறியள்?"

"மாதாவுக்குத் தெரியும். அவ கேட்டுக்கொண்டு இருக்கிறாவோ எண்டு எனக்குத்தான் நிச்சயமில்லை."

பிறகு ஒரு வருசம் கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, ரை, எங்கள் ஊர் வெயிலில் கழுத்தெல்லாம் வேர்வை. அக்காவின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. இது என்ன பாஷை என்று கேட்டார். விதிப் புத்தகத்தில் உள்ளபடி, ஒவ்வொரு சொல்லும் முழுதாக வரவேண்டும், இப்போதிருந்தே வரவேண்டும் என்றார். அக்கா தலையாட்டினார். அடுத்த மூடி விழுந்தது. கருவாட்டு முதலாளி.

"நம்பர் ப்ளீஸ்," என்றார் அக்கா. அந்தப் பக்கம் சத்தமில்லை. "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்," என்றார்.

முதலாளியின் மகன் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். ரிசீவரை அப்படியே தொங்கவிட்டுவிட்டு, தொப்பிகூடப் போடாமல், மனிசன் கருவாட்டு லொறியில் ஏறி வந்து கந்தோர் வாசலில் குதித்தார். "யா அல்லா! சொல்லு புள்ள, எனக்குச் சொல்லு, ஆர் மவுத்து?" என்று கத்தினார். அதற்குள், தன் போனிலும் முழுச் சொல் கேட்ட மருந்துக் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். வாடி வீட்டு மனேஜர் வந்தார். பங்குச் சுவாமியாரின் குசினிக்காரன், அக்கா முழுதாகப் பேசினா என்று கோயிற்பிள்ளையிடம் போய்ச் சொல்ல, அந்த மனிசன் யார் எவர் என்று விசாரிக்காமல் துக்க மணியை அடித்துவிட்டார். மணி கேட்டதும் மிச்ச ஊரும் வந்தது. பெண்கள் சிலர் அழுதுகொண்டே வந்தார்கள். யாருக்காக அழுகிறோம் என்று தெரியாததால் எல்லாருக்குமாக அழுதார்கள்.

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்தபடி போஸ்ட் மாஸ்டரைப் பார்த்தார். போஸ்ட் மாஸ்டர் விளக்கிச் சொல்லிமுடித்ததும், "எனக்கொண்டும் தெரியாது, இவ தன்ர பாட்டுக்குக் கதைக்கட்டும்," என்றுவிட்டு அன்றைய ரெயிலிலேயே போய்விட்டார். அக்கா வயரைச் செருகி முதலாளியைப் பார்த்து "செவ்?" என்றார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது. 

இவ்வளவும் எழுதிவிட்டு வவுனியாக்காரரை எழுதாமல் விடலாம் என்றுதான் யோசித்தேன். விட்டால் அக்காவை எழுதினதாகாது.

மன்னாரிலிருந்து வெளியூருக்கு எந்தக் கோல் போனாலும் முதலில் வவுனியா எக்சேஞ்சைத் தட்டித்தான் போகும். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணப் பக்கத்தவர். அக்காவைப் போலவே வேதக்காரர். கலியாணம் ஆகாதவர். அக்காவும் ஆகாதவர். தடையென்று சொல்ல ஒரு தூசியும் இல்லை. ஆளை ஆள் பார்த்ததில்லை, குரல்தான். முதலில் 'குட் மோர்னிங் வவுனியா', 'குட் மோர்னிங் மன்னார்' என்று நடந்தது. பிறகு குட் போனது. மோர்னிங்கின் வால் போனது. ஊர்ப் பெயர்கள் போயின. கடைசியில் காலையில் வயரைச் செருகியதும் இந்தப் பக்கம் ஒரு 'ம்', அந்தப் பக்கம் ஒரு 'ம்'. மூன்று நாலு வருசம் அந்த 'ம்'மில்தான் ஓடியது.

"இண்டைக்கு அவருக்குத் தடிமன்," என்பார் அக்கா.

"எப்படித் தெரியும்?"

"'ம்' அடைச்சிருக்கு."

அக்கா சாப்பிடப் போகும்போது நான்தான் பலகையைப் பார்ப்பேன். ஒருநாள் குறும்புக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அக்காவைப் போலவே ஒரு 'ம்' போட்டுப் பார்த்தேன். "யார் நீங்கள்?" என்று முழுதாக வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் இது வெறும் லைன் விவகாரம் இல்லையென்று எனக்கு விளங்கியது.

மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் தற்காலிகமாக ஒரு தபால் கொட்டில் போடுவார்கள். அந்த வருசம் முத்திரைக்கு என்னையும் போனுக்கு அக்காவையும் அனுப்பினார்கள். இரண்டாம் நாள் வெள்ளைச் சேர்ட்டோடு ஒருவர் வந்து கொட்டில் வாசலில் நின்றார். "நான் வவுனியா," என்றார். அக்கா எழும்பினார். எழும்பின வேகத்தில் ஹெட்போன் வயர் இழுபட்டுக் கதிரை சரிந்தது.

"நீங்கள் பஸ்ஸிலயா வந்தனீங்கள்?" என்று கேட்டார் அக்கா. "காலமை சாப்பிட்டனீங்களோ? வெயில் கடுமையா இருக்கு, உள்ளுக்கு வாங்கோ. உங்களுக்கு இவ்வளவு உயரமெண்டு நான் நினைக்கேல்லை."

நான் முத்திரையை ஒட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் தேயவில்லை, ஒரு வால் உதிரவில்லை. அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் முழுதாகப் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் மற்றவர் அடுத்ததாக என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அதைவிட அழகான ஒரு கதையை நான் கேட்டதில்லை. ஒரு மணித்தியாலம் இருந்திருப்பார். போகும்போது என்னைப் பார்த்தும் தலையாட்டினார். நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பினதும் பழையபடி 'ம்'. எனக்குச் சப்பென்று போய்விட்டது. 

அடுத்த வருசம் ஆனி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையில் அக்கா வழமைபோல வவுனியாவுக்கு வயரைச் செருகி "ம்" என்றார். பிறகு நெடுநேரம் சத்தமில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கை வயரை விட்டிருந்தது. கழுத்துவரை சிவந்திருந்தார். அந்தப் பக்கம் யாரோ நிறையப் பேசுவது ஹெட்போனுக்கு வெளியிலும் குறுகுறுவென்று கேட்டது. முடிந்தது. அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"ம்," என்றார். பிறகு, "முதலாளி வெயிற்றிங். லைனைத் தாங்கோ."

முதலாளிக்குப் புறக்கோட்டையைக் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, அவர் கேட்டிட்டார். வாற ஆவணியில வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன சொன்னியள்?"

"ஓமெண்டு சொன்னன்."

"எப்ப சொன்னியள்? நான் இஞ்சதானே நிண்டன்."

"உங்களுக்கு ஏன் கேக்கோணும்? அவருக்குக் கேட்டிருக்கும்."

"அக்கா, விசர்க் கதை கதைக்காதேங்கோ. அந்த மனிசன் என்ன கருவாட்டு விலையா கேட்டவர்? கூப்பிட்டு முழுசாச் சொல்லுங்கோ."

"அவருக்குத் தெரியும் தம்பி. நாலு வருசமா என்ர 'ம்'மைக் கேக்கிறவருக்கு இது விளங்காதோ? முழுசாச் சொல்லுறதை நான் வைச்சிருக்கிறன். எங்கட முற்றத்தில வந்து நிப்பார்தானே, அப்ப முகத்தைப் பாத்துச் சொல்லுவன். அது வயரில அனுப்பிற சொல்லே?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

அந்த ஆனி, ஆடி இரண்டு மாதமும் பள்ளிமுனை வீட்டில் பெருநாள்தான். தாய் சுவருக்கு வெள்ளை அடிப்பித்தார். முற்றத்துக்கு நல்ல குருமணலாகப் பார்த்து இரண்டு வண்டில் இறக்கினார்கள். அக்கா புது வொயில் சீலை ஒன்று வாங்கி எனக்கும் காட்டினார். ஆனால் எக்சேஞ்சில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட மறுநாள் காலை அக்கா வயரைச் செருகி "ம்" என்றதும், அந்தப் பக்கத்திலிருந்து "குட் மோர்னிங், மன்னார்" என்று முழுதாக வந்தது. அக்கா சிரித்துக்கொண்டு இன்னொரு 'ம்' போட்டார். அதற்கடுத்த நாளும் "குட் மோர்னிங், மன்னார்." அதற்கடுத்த நாளும்.

"லைன் சரியில்லைத் தம்பி," என்றார் அக்கா. "அவருக்கு என்ர சத்தம் கேக்குதில்லைப் போல. அதுதான் இப்பிடி முழுசு முழுசாச் சொல்லுறார். கச்சான் காத்துக்கு உப்புப் படிஞ்சு வயர் கெட்டுப்போச்சு."

லைன்மேனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் கடல் பாலத்து ரெலிபோன் தூண்களில் ஏறி இறங்கி, முருங்கன் வரைக்கும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வயரில் ஒரு பிழையும் இல்லை என்றான். அக்கா நம்பவில்லை. "இன்னொருக்காப் பார்," என்றார். அவன் இன்னொருதரம் போனான். பாவம், அந்தக் காற்றில் தூணில் நிற்பதென்றால் சும்மாவா?

ஆவணி வந்தது. மடுவுக்கு வேறு ஆட்களை அனுப்பினார்கள். முற்றத்தில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. புரட்டாதி பிறந்த ஒரு காலை, வவுனியாவிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அக்கா யாரென்று கேட்டார். நான் புது ஆள் அக்கா, முன்னிருந்தவர் மாற்றலாகிச் சிலாபத்துக்குப் போய்விட்டார், அங்கேயே கலியாணமும் பேசி முடிந்துவிட்டது என்றது அந்தக் குரல். இதை அக்கா எனக்குப் பிறகு சொன்னார். அந்த நேரம் நான் கேட்டது அவர் சொன்னதை மட்டும்தான்.

"நன்றி, தங்கச்சி. நீங்கள் சொன்னது நல்லது. கொழும்பு லைனைத் தாங்கோ."

ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வந்தது. கவுண்டரில் நின்ற சனம் பேச்சை நிறுத்தி ஆளை ஆள் பார்த்தது. ஒரு கிழவர் யாருக்கு என்ன என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். எனக்கு அந்த மனிசன்மேல் வந்த கோபத்தில் சில்லறையை எறிந்துதான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் முதலாளிக்கு 'செவ்'தான், ஊருக்கு 'ம்ப்ளீ'தான். புதிதாக வந்த வவுனியாப் பிள்ளையிடம் மட்டும் அக்கா கடைசிவரை முழுதாகவே பேசினார். அந்தப் பிள்ளை சுருக்கப் பார்த்தாலும் இவர் விடவில்லை. வேறு சம்பந்தங்கள் வந்தன. தாய் கெஞ்சினார். அக்கா ஒன்றுக்கும் இசையவில்லை.

பிறகு டயல் போன் வந்தது. பலகையைக் கழற்ற ஆட்கள் வந்த அன்று அக்கா என் கவுண்டரடியில் வந்து நின்றார். வயர்களை அறுத்துச் சாக்கில் போடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு லைன் சரியில்லைத் தம்பி. நான் சொன்னது அவரிட்டப் போய்ச் சேரேல்லை. சேர்ந்திருந்தா வந்திருப்பார்." லைன்மேன் சொன்னதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. ஓம் அக்கா, கச்சான் காற்றுத்தானே என்றேன்.

முஸ்லிம்களாகிய எங்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன கிழமையில் அவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கையில் கிடைத்த உடுப்போடு வள்ளம் ஏறினோம். புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் இருக்கும்போது, மன்னாரிலிருந்து வந்த ஒருவர், எக்சேஞ்ச் அக்கா போய்விட்டா, நெஞ்சுநோவு, இரண்டு மாதமாகிறது என்றார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். ஒரு பிடி மண் போடக் குடுத்துவைக்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பல வருசம் கழித்து, கற்பிட்டிப் பக்கம் தலவிலக் கோயில் திருவிழாவில் என் மருமகன் தொதல், மஸ்கற் என்று இனிப்புக் கடை போட்டான். நான் கல்லாவில் இருந்தேன். ஒரு வயதான மனிசர் வந்து மஸ்கற் அரை றாத்தல் கேட்டார். அந்தக் குரல் என் முதுகில் போய்த் தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். உயரம் கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

"நீங்கள் வவுனியா எக்சேஞ்ச்," என்றேன்.

அவருக்கு என்னைப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. மடுக் கொட்டில், முத்திரை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி கோயிலுக்குள் நிற்கிறா என்றார். பிறகு, "அவ எப்படி இருக்கிறா?" என்று கேட்டார். இறந்துவிட்டா என்றேன். கலியாணம் செய்யவே இல்லை என்றும் சொன்னேன். சொல்லவேண்டும் என்றுதான் சொன்னேன். எனக்குள் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"அண்டைக்கு லைன் சரியில்லை எண்டுதான் அக்கா கடைசி மட்டும் நினைச்சிருந்தவ ஐயா. அவ ஓமெண்டவ. உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

அவர் கடைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"லைன் நல்லாத்தான் இருந்தது. கச்சான் காத்தும் அண்டைக்கு அடங்கிக் கிடந்தது. அவ மூச்சு விட்டதும் எனக்குக் கேட்டது."

"அப்ப ஏன் ஐயா வரேல்லை?"

"நான் அந்தக் கேள்வியை ஒரு வருசமாப் பாடமாக்கினனான் தம்பி. பாத்றூமுக்குள்ள நிண்டு சொல்லிப் பாத்தனான். அவ லைன் ரெஸ்ற் பண்ணுற மாதிரி ஒரு 'ம்' சொல்லிப்போட்டு, முதலாளி வெயிற்றிங் எண்டா. எனக்கு மனம் விட்டுப்போச்சு. சரி, நான் முழுசாக் கதைச்சா அவவும் முழுசா ஒருக்காச் சொல்லுவா எண்டுதான் அடுத்த நாளிலயிருந்து 'குட் மோர்னிங் மன்னார்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். ரெண்டு மாதம் சொன்னனான். ஒவ்வொரு நாளும் 'ம்' தான் வந்தது."

கோபம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. வள்ளத்தில் வரும்போதுகூட நெஞ்சு இப்படிக் கனக்கவில்லை. வருவது வரட்டும் என்று அதையும் சொல்லிவிட்டேன்.

"முழுசாச் சொல்லுறதை அவ வைச்சிருந்தவ ஐயா. முற்றத்தில நீங்கள் வந்து நிக்கேக்குள்ள முகத்தைப் பாத்துச் சொல்லுறதுக்கு எண்டு வைச்சிருந்தவ. என்னட்டச் சொன்னவ."

மருமகன் மஸ்கற் பார்சலை நீட்டினான். அவர் வாங்கவில்லை. கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது.

"என்னெண்டு சொல்ல இருந்தவ?" என்று கேட்டார்.

"ஓமெண்டுதான் ஐயா. வேற என்ன?"

"ஓமெண்டது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. மிச்சம்?"

மிச்சம் ஒருத்தருக்கும் தெரியாது என்றேன்.